கேம்ப் ரோட்டில் ஃபோன் எடுத்தவள்

1

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், போலந்து எல்லைக்கு அருகே ஒரு சின்ன நகரம். நிலக்கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவதும், அரசாங்கத்துக்கு மனு எழுதுவதும், சந்தேகம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் எங்கள் சங்கத்தின் வேலை. கடைசியாகச் சொன்னது என் வேலை. ஃபோன் என் மேசையில்தான் இருக்கிறது.

மே மாதத்தில் ஒருநாள் தலைவி கத்ரின் எல்லோரையும் கூப்பிட்டாள். சங்கத்துக்குப் புது இணையதளம் வருகிறது, ஆளுக்கு ஐந்து வரி எழுதித் தரவேண்டும், இங்கே வருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தோம் என்று. படத்தோடு போடுவார்களாம்.

மற்றவர்கள் அன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் இத்தனை நாள் யாரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. கத்ரின் வக்கீல் என்று தெரியும். ஆனால் சுரங்கக் கம்பெனிக்காக, கிராமங்களைக் காலி செய்ய வைக்கும் வழக்குகளை நடத்திய வக்கீல் என்பது தெரியாது. கணக்கு பார்க்கும் பெண் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள். காற்றாலை பற்றி மணிக்கணக்கில் பேசுகிற இளைஞன் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

யூர்கன் எழுதியது இரண்டே வரி. 'முப்பத்திரண்டு வருடம் பழுப்பு நிலக்கரி மின் ஆலையில் பாய்லர் ஓட்டினேன். இப்போது அதை மூடச் சொல்லிக் கூட்டம் போடுகிறேன்.'

கத்ரின் தயங்கினாள். 'எரிசக்தித் துறையில் நீண்ட அனுபவம் என்று போடட்டுமா, யூர்கன்? மரியாதையாக இருக்கும்.'

'பாய்லர் என்று போட்டாலும் மரியாதையாகத்தான் இருக்கும்' என்றார் யூர்கன்.

நான் மட்டும் எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளினேன்.

2

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, ஒருவழியாக உட்கார்ந்து எழுதினேன். 'மின்சேமிப்புத் துறையில் எட்டு ஆண்டுகள். வாடிக்கையாளர் தொடர்பு. இந்தியா.' ஜெர்மன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மகள் ஜோவனாவிடம் கொடுத்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் என்னிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழ்.

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

'இலக்கணம் சரி. ஆனா அம்மா, இது என்ன வேலை?'

'கடை. இன்வெர்ட்டர் கடை. கரண்ட் போனா பேட்டரில ஃபேன் ஓடும்ல, அது விக்கிற கடை. அங்க ஃபோன் எடுத்தேன்.'

'அப்போ அதை எழுத வேண்டியதுதானே?'

'அதெல்லாம் ஒரு வேலையா?'

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'இப்பவும் நீ ஃபோன்தானே எடுக்கிற?' என்றாள். கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடையைப் பற்றி எழுத வெட்கமா என்று கேட்டால், வெட்கம் பாதிதான். மீதியைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடமாக வாய் வரவில்லை.

3

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி பக்கம் போகிறவர்களுக்கு கேம்ப் ரோடு சந்திப்பைத் தெரியாமல் இருக்காது. அங்கே ஒரு பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் கடை இருந்தது. உள்ளே நுழைந்தாலே ஆசிட் வாசனை மூக்கைத் துளைக்கும். சுவரோரம் டிஸ்டில்டு வாட்டர் கேன்கள். மூலையில், வாடகைக்கு அனுப்புவதற்காக எப்போதும் சார்ஜில் கிடக்கும் நாலைந்து பேட்டரிகள். தபால்வழியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, டீச்சர் வேலை கிடைக்கும்வரை என்று அங்கே சேர்ந்தேன். எட்டு வருடம் ஓடிவிட்டது.

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. போன அடுத்த நிமிடம் ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று எல்லாப் பக்கத்துக் குரல்களும் எனக்குத் தெரியும். 'பேட்டரி கீக் கீக்குனு கத்துது மேடம்.' 'பையனுக்கு நாளைக்குப் பரீட்சை மேடம்.' 'ஃபேன் சுத்துது, லைட் எரியல, என்னா மேடம் இது?' நான் கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுதி, மெக்கானிக் தாஸ் அண்ணாவுக்கு ஃபோன் போடுவேன்.

தாஸ் அண்ணா லோடு ஆட்டோவில் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுவார். 'இன்னாம்மா நீ, நாலு பேருக்கும் ஒரே டைம் குட்துட்டியே, நான் இன்னா பறந்தா போவேன்?' என்று சலித்துக்கொள்வார். ஆனால் போய்விடுவார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் நான் ஒரு நேரம் சொல்லிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. 'தெரியல சார்' என்றால் எதிர்முனையில் கத்துவார்கள். 'ரெண்டு மணிக்குள்ள வந்துடுவாங்க சார்' என்றால் குரல் உடனே தணிந்துவிடும். இரண்டு மணிக்குத் திரும்பவும் கூப்பிட்டால் 'வந்துகிட்டே இருக்காங்க சார்' என்பேன். ஓனர் அதற்காகவே என்னைப் பாராட்டுவார். 'பியூலா ஃபோன் எடுத்தா கஸ்டமர் கூலாயிடுவான்' என்று.

4

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், நாங்கள் போகும் சர்ச்சுக்கே வருகிறவரும்கூட. அவருடைய கணவர் ஜெயராஜ் சாருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். மெஷின் கரண்டில் ஓடும். கரண்ட் போனால் எங்கள் இன்வெர்ட்டர். அவர்களுடைய எண்ணை நோட்டின் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

நான் இங்கே வருவதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு புயல். விடிவதற்குள் மரங்கள் சாய்ந்து, பக்கத்து ஏரியாக்கள் எல்லாம் இருண்டு கிடந்தன. காலை பத்து மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.

'பியூலா, பேட்டரி கத்த ஆரம்பிச்சிடுச்சும்மா. சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு. அது கொஞ்ச நேரம்தான் வரும். சார்ஜ் பண்ணின பேட்டரி அனுப்ப முடியுமா? இல்லைன்னா சொல்லிடு, நான் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழியப் பாக்குறேன்.'

'ஒரு நிமிஷம் டீச்சர்' என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஃபோனில் தாஸ் அண்ணாவைப் பிடித்தேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது.

'வண்டி பள்ளிக்கரணைல தண்ணில நின்னுகினு கீதும்மா. இஞ்சின்ல தண்ணி பூந்துச்சு. எப்ப எடுப்பேன்னு தெரியல. இன்னிக்கு என்னை நம்பாத.'

நான் முதல் ஃபோனை எடுத்தேன். என் வாய் பழக்கப்படி பேசியது.

'ரெண்டு மணிக்குள்ள வந்துடுவாங்க டீச்சர்.'

அதைச் சொன்னபோது நான் பொய் சொல்வதாகவே நினைக்கவில்லை. தாஸ் அண்ணா எப்படியாவது வந்துவிடுவார், எப்போதும் வருகிறவர்தானே என்று நினைத்தேன். அடுத்த ஃபோன் அடித்தது. எடுத்தேன். அதற்கடுத்தது. இரண்டு மணிக்கு டீச்சருக்கு நானே கூப்பிட்டேன். லைன் போகவில்லை. டவர்களும் விழுந்துவிட்டிருந்தன.

சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வேனைப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டுபோய், சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. 'வராதுன்னு நீ சொல்லியிருந்தா நான் காலைலயே கிளம்பியிருப்பேன்மா' என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறிலிருந்து நான் முதல் ஆராதனையை விட்டு இரண்டாம் ஆராதனைக்குப் போக ஆரம்பித்தேன், டீச்சர் முதல் ஆராதனைக்கு வருவார் என்பதால். சில மாதத்தில் என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. ஊரை விட்டுப் போவதற்கு எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு பக்கம் மூச்சு விட்டதுபோல இருந்தது.

5

இங்கே வந்ததும் முதல் படிவம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிரப்பியது. 'பெருஃப்' என்று ஒரு கட்டம். தொழில் என்று அர்த்தம். நான் கோடு போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், 'கோடு போடக் கூடாது, ஏதாவது எழுத வேண்டும்' என்றார். 'இல்லை' என்று எழுதினேன். 'இல்லை என்பது தொழில் அல்ல' என்று திருப்பித் தந்தார். கடைசியில் என் கணவர் வாங்கி 'குடும்பத் தலைவி' என்று எழுதினார். எட்டு வருடம் ஒரு வார்த்தையில் காணாமல் போயிற்று. அன்றைக்கு அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மொழி வகுப்பில் ஒருநாள் விளக்குகள் அணைந்தன. ஃபியூஸ் போயிருக்கும். நான் எழுந்து, நம்மூர் வழக்கப்படி, 'கரண்ட் போய்விட்டது' என்பதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மின்சாரம் எழுந்து நடந்து போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் மின்சாரம் போவதும் இல்லை, வருவதும் இல்லை. சும்மா இருக்கிறது. நமக்கோ அது ஒரு சொந்தக்காரர் மாதிரி. போகும், வரும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் தங்கிவிடும்.

சங்கத்தில் சேர்ந்தது ஆறு வருடம் முன்பு. பால்கனியில் சூரியத் தகடு மாட்டுவதைப் பற்றி ஜனங்கள் ஃபோன் பண்ணிக் கேட்பார்கள், எடுக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நேர்முகத்தில் கத்ரின், பேட்டரி பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டாள். 'எங்கள் வீட்டில் இருந்தது' என்றேன்.

இந்த ஜூன் மாதம் பக்கத்துக் கிராமத்து மண்டபத்தில் ஒரு கூட்டம். நிலக்கரி ஆலையை மூடுவது பற்றி. நான் காப்பி ஊற்றவும் தாள் கொடுக்கவும் போயிருந்தேன். பௌதிகக்கார இளைஞன் பேசி முடித்ததும், இரண்டாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். லேமான் என்று பெயர், எழுபது வயது இருக்கும்.

'என் கணவர் மூச்சு மெஷினில் இருக்கிறார். ஆலையை மூடிய பிறகு மின்சாரம் நின்றால் நான் என்ன செய்ய?'

'அதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு' என்றான் அவன்.

'குறைவு என்றால் என்ன? நிற்காதா?'

அவன் வரைபடத்தைக் காட்டினான். மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். அந்தப் பெண்மணி உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. எட்டு வருடம் ஃபோனுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை நான் பார்த்ததில்லை, ஆனால் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

காப்பிக் கெட்டிலை வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

'மின்சாரம் நிற்காது என்று என்னால் சொல்ல முடியாது' என்றேன். 'நின்றால் எப்போது வரும் என்பதும் தெரியாது. மெஷினுக்குச் சொந்த பேட்டரி இருக்கிறதா? எத்தனை மணி நேரம் தாங்கும்?'

அவருக்குத் தெரியவில்லை. ஒரு தாளை எடுத்து அவர் விலாசத்தை எழுதிக்கொண்டேன். சிலிண்டர் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார், கார் வைத்திருப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மண்டபம் அடங்கிவிட்டது. கடைசியாகச் சொன்னேன்: 'பேட்டரி பாதி இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வருகிறோம் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். நான் சொன்னாலும்.'

திரும்பும் வழியில் காரில் கத்ரின், 'தெரியாது என்று பொதுக்கூட்டத்தில் சொல்லலாமா?' என்றாள்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த யூர்கன், 'அந்தப் பெண் அதைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்' என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, 'இதெல்லாம் எங்கே கற்றாய்?' என்று கேட்டார்.

'ஊரில்' என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தவர்போல இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் யூர்கனும் நானும் லேமான் வீட்டுக்குப் போய், தனி பேட்டரி ஒன்றை வைத்து, பாதி அளவில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தோம்.

6

ஜூலையில் ஊருக்குப் போனோம். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். எதிரே யாரோ 'இன்னாம்மா, அடையாளம் தெர்ல?' என்று கேட்டார்கள். தாஸ் அண்ணா! தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது மாடிகளில் சோலார் மாட்டுகிறாராம்.

'ரூஃப்ல ஏறி ஏறி மூட்டே பேஜாராப் போச்சு' என்று முழங்காலைத் தட்டிக்காட்டினார். 'ஸ்டெல்லா டீச்சர் வூட்டுல போன மாசம்தான் மாட்டினேன். உன்னைத்தான் கேட்டுகினே கீறாங்க. போய்ப் பாரும்மா.'

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் ஜோவனா, 'அந்த டீச்சர் வீட்டுக்கு எப்போ போறோம்?' என்று கேட்டாள். தாஸ் அண்ணா பேசியது அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அது மட்டும் புரிந்திருக்கிறது.

டீச்சர் சுருங்கிப்போயிருந்தார். கண் மட்டும் அதே கணக்கு டீச்சர் கண். ஜோவனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார். நான் தயாராக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

'டீச்சர், அன்னைக்கு நான் ரெண்டு மணின்னு...'

'அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்' என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

'முப்பத்தஞ்சு வருஷம் பசங்க குரலைக் கேட்டவ நான். ஹோம்வர்க் பண்ணலைன்னா குரல்லயே தெரியும். நீ ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுத் திரும்ப வந்தப்பவே தெரிஞ்சிடுச்சு, வண்டி வராதுன்னு.'

'அப்புறம் ஏன் டீச்சர் கிளம்பல?'

'சார் வேண்டாம்னுட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப மாட்டேன், இங்கயே இருக்கேன், கெஞ்சிக் கேக்குறேன்னார். எனக்கும் அவரைத் தண்ணில தூக்கிட்டுப் போக பயம். நீ ரெண்டு மணின்னியா, அதைப் பிடிச்சுக்கிட்டேன். அவர்கிட்டயும் சொன்னேன், பியூலா சொல்லிட்டா, வந்துடும்னு. உன் வார்த்தையச் சாக்கா வச்சுக்கிட்டேன்.'

ஜோவனா மெல்ல என் காதில், தமிழிலேயே, 'சாக்குன்னா மூட்டை கட்டுறதுதானே?' என்று கேட்டாள். டீச்சருக்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

'அதுவும்தான் கண்ணு. நான் கட்டின மூட்டையைத் தூக்கி உங்கம்மா தலைல வச்சிட்டேன். கல்லறை வாசல்ல வச்சு அப்படி ஒரு வார்த்தை சொன்னேன். யார் மேலயாவது போடலைன்னா அன்னைக்கு என்னால நிக்க முடிஞ்சிருக்காது. சொல்லிட்டு வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்சுது. மறு வாரம் உன்னைத் தேடினேன், நீ ஆராதனைக்கு வரல. அப்புறம் ஊரை விட்டே போயிட்டேன்னாங்க.'

நான் பொய் சொன்னது பொய்தான், அவர் நம்பாததால் அது உண்மையாகிவிடாது. அதை அவரிடம் சொன்னேன்.

'ஆமா' என்றார் டீச்சர். 'உன் தப்பு உன்னோடது. நீ அதை வச்சுக்கோ. என்னோடதைத் திருப்பிக் குடு.'

கொஞ்ச நேரம் மூவரும் முறுக்கு தின்றோம். பிறகு, அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். ஃபோன் எடுக்கிறேன் என்றேன். ஐந்து வரி எழுத வேண்டியிருப்பதையும் சொன்னேன்.

'இதையும் எழுதப்போறியா?'

'எழுதலாமா டீச்சர்?'

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கோட்டு போட்டு, நேராகப் பார்க்கும் ஜெயராஜ் சார்.

'எழுது. ஆனா ஒரு நோயாளின்னு எழுதாத. பேர் போட்டு எழுது. ரயில்வேல முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன். தாம்பரத்தைத் தாண்டி எங்கயும் போனதில்ல.'

அன்று மாலையே எழுதினேன். ஜோவனா பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்மனில் அடித்தாள். தாம்பரம் கேம்ப் ரோட்டில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் எட்டு வருடம் ஃபோன் எடுத்தேன். ஒரு புயல் நாளில், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஜெயராஜ் என்பவரின் வீட்டுக்குச் சொன்னேன். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். இப்போது இந்தச் சங்கத்தில் ஃபோன் எடுக்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வேன்.

'வேலைக்கு இப்படியா எழுதுவாங்க?' என்றாள் ஜோவனா. ஆனால் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அனுப்பும் பட்டனை அவளே அழுத்தினாள்.

கத்ரினிடமிருந்து பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து யூர்கன் கூப்பிட்டார். இணையதளத்தில் பக்கம் வந்துவிட்டதாம், படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேனாம். பிறகு, 'யெயராட்ஷ்' என்று அந்தப் பெயரை அவருக்கு வந்த மாதிரி உச்சரித்து, 'யார் இவர்?' என்று கேட்டார்.

அம்மா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.